அக்கா நடித்த படம்

அந்த வேனில் ஜன்னல் திறக்காது. ஏசி வேன் என்று என் மாமியார் பெருமையோடு பிடித்த வண்டி. கோடை விடுமுறைக்கு மகாபலிபுரம் போகக் குடும்பத்தோடு புதுச்சேரியிலிருந்து கிளம்பினோம். வழியில் மரக்காணத்தில் என் அக்காவை ஏற்றிக்கொண்டோம். உப்பளத்தில் வேலை செய்கிறவள், பிறந்ததிலிருந்து ஒரு டூர்கூடப் போனதில்லை. நான்தான் அடம்பிடித்துக் கூப்பிட்டேன். ஊரைத் தாண்டியதும் முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் உப்பளம்.

நேரம் போகட்டும் என்று டிரைவர் பழைய காமெடிப் படம் ஒன்றைப் போட்டார். முதல் பாட்டிலேயே அது எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேற படம் போடுங்கண்ணே."

"ஏம்மா, நல்ல சிரிப்பு படமாச்சே. ஓடட்டும்," என்றார் மாமியார்.

பட்டணத்துக் குடும்பம் லீவுக்குக் காரில் கிளம்பும் கதை. அந்த மாதிரிப் படங்களை ஒரு காலத்தில் நானும் விழுந்து விழுந்து பார்த்திருக்கிறேன். டூர் போகிறவர்கள் எப்போதும் சிவப்பாக இருப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் அவர்கள் போய்ச் சேருகிற ஊரில் இருப்போம், வசனம் இல்லாமல். இந்தப் படத்தில் கார் உப்பளத்தில் பழுதாகி நிற்கும். கறுத்த ஒருத்தி குடத்தோடு வருவாள். பிள்ளைகள் பேய் என்று அலறும், அப்பன் விழுந்தடித்து ஓடுவான். அந்தப் பேய் என் அக்கா.

எங்கள் ஊர் உப்பளத்தில் அந்த ஷூட்டிங்குக்கு ஆள் கேட்டபோது எங்கள் தெருப் பெண்கள் பட்டுப்புடவை கட்டி, பவுடர் அப்பி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனார்கள். கேமரா என்றால் எங்களுக்குக் கல்யாணமும் காதுகுத்தும்தான். படக்காரர்கள் சிரித்தார்கள். முகம் கழுவச் சொல்லி, கிழிந்த புடவை கொடுத்து, அக்காவுக்குக் கரி பூசினார்கள். காதோரம் கரியோடு வீட்டுக்கு வந்தவள் அந்தப் படத்தைப் பார்க்கவே போகவில்லை. தொலைக்காட்சியில் வந்தாலும் எழுந்து போய்விடுவாள்.

இப்போது எங்கே எழுந்து போவாள்? நடைவழி முழுக்கப் பையும் புளியோதரைத் தூக்குவாளியும். அவள் கடைசி சீட்டில், மடியில் என் மகள். என் மாமியார் வீட்டார் முன்னால் அவள் அசிங்கப்படப் போகிறாள், நானே கூட்டிவந்து மாட்டிவிட்டேன் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கதவை உடைத்துக்கொண்டு இறங்கிவிடலாம் போலிருந்தது.

திரையில் அவள் வந்தாள். வேனே சிரித்தது. மாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரப்பில் கூடை சுமந்து பழகிய நடை, ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால். கரியால் அதை மறைக்க முடியவில்லை.

"அந்தப் பேய் பெரியம்மா மாதிரியே நடக்குது!" என்றாள் என் மகள்.

"சீ, வாய மூடுடி," என்று அதட்டினேன்.

"புள்ளய ஏன் திட்டுற? நான்தான் அது," என்றாள் அக்கா. "பவுடர் போட்டுக்கினுதான் போனேன். அவங்கதான் கரி பூசினாங்க."

சிரிப்பு நின்றது. டிரைவர் அவசரமாகப் படத்தை நிறுத்தக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்பா, ஓடட்டும். நானும் இன்னும் பாக்கல."

யாராலும் இறங்க முடியவில்லை. எல்லோரும் பார்த்தோம். குடத்தை நீட்டியபடி அவள் வருகிறாள், அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். மாமியார் மட்டும் மடியிலிருந்த கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடத்துல என்னா பெரியம்மா?"

"தண்ணிடி. கார் நின்னு போச்சுல்ல, தாகமா இருப்பாங்கன்னு கொண்டாறேன்."

"அவங்கதான் ஓடிட்டாங்களே. அப்புறம் யாரு குடிச்சா?"

"நான்தான் குடிச்சேன். காலையிலேர்ந்து வெயில்ல நிக்க வச்சிருந்தாங்க."