மூன்றாம் ஓலை

என் சித்தப்பாவின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தனை சிறிய பையனால் ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சரியான ஆளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. இப்போது முகப்பேரில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அம்மா இறந்த வருடம் அது. அப்பாவுக்கு ரயில்வேயில் கார்டு வேலை. வீட்டில் இருந்ததைவிடத் தண்டவாளத்தில் இருந்ததுதான் அதிகம். ஆகவே என்னைத் தன் தம்பியிடம் விட்டார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் சித்தப்பாவுக்கு டிங்கர் பட்டறை இருந்தது. நான்கு கம்பம், மேலே தகரம், பின்னால் நாங்கள் படுக்க ஓர் அறை. நசுங்கிய வண்டிகளின் தகரத்தைத் தட்டி நேராக்குவது அவர் வேலை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

அந்தப் பட்டறையின் முன்னால் ஒரு லாரி நின்றது. யுத்த காலத்து ராணுவ லாரி. ஏலத்தில் எடுத்து மாடு கட்டி இழுத்து வந்திருந்தார். டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் எருக்கஞ்செடி பூத்திருந்தது. கதவைத் தொட்டால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. டீக்கடைக்காரர் தினமும் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

“அண்ணாத்தே, இது இன்னா லாரியா, சல்லடையா? இத்த வச்சி இடியாப்பம் புழியலாம் போலக் கீதே!”

“புழிஞ்சா மொத தட்டு உனக்குத்தான் மாமே” என்பார் சித்தப்பா.

அதைச் சொந்த லாரியாக ஓட்டப் போகிறேன் என்பதுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்த ஒரே கனவு. மற்றவர்களின் வேலை முடிந்த பிறகு அதில் கைவைப்பார். துரு தின்ற இடத்தை உளியால் வெட்டி எடுப்பார். புதுத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழிவு கொடுப்பார். அதை வெட்டிய இடத்தில் பொருத்தி, கேஸ் வைத்து ஒட்டுவார். ஒட்டிய இடம் உப்பினால், பழுக்கக் காய்ச்சி ஈரச் சாக்கால் அழுத்துவார். உஸ்ஸென்று புகை எழும். தகடு அடங்கிவிடும். ராணுவ லாரிக்கு இருந்த முரட்டுச் சதுர மூக்கை அவர் விரும்பவில்லை. அதை அறுத்தெடுத்துவிட்டு, வளைந்த பானெட் ஒன்றைத் தானே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்து, நமக்குத் தெரியாத மேட்டை எல்லாம் கண்டுபிடிப்பார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியால் அடிக்க, தகட்டின் உட்புறம் இன்னொருவர் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடிக்க வேண்டும். மட்கார்டுக்குள் நுழையும் அளவுக்கு நான் சிறியவன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆகவே தகட்டில் தட்டிப் பேசிக்கொண்டோம். நான் ஒருமுறை தட்டினால் தயார், இருமுறை தட்டினால் நிறுத்து. எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே என் விரல் மாட்டிக்கொண்டது. தட்டுவதை மறந்து, “சித்தப்பா, நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினேன். அடி விழுந்துகொண்டே இருந்தது. காலால் தகட்டை உதைத்த பிறகுதான் நின்றது. வெளியே வந்து அழுதேன். அவர் என் விரலை வாயருகே வைத்து ஊதினார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சின்ன வயசுலேர்ந்து தகரம் தட்டித் தட்டி ரெண்டு காதும் பூட்ச்சிடா. வாயப் பாத்துதான் புரிஞ்சிக்கிறேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும் நைனா. இன்னா?”

சரி என்று தலையாட்டினேன். அதன்பின் கவனித்தால் எல்லாம் விளங்கியது. ஊரில் அவருக்கு வாயாடி என்று பெயர். பிறரைப் பேசவிட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்? கூட்டத்தில் எல்லோரும் சிரித்து முடிக்கும்போது அவர் சிரிக்க ஆரம்பிப்பார். அவருக்கு முதுகுப்பக்கம் நின்று யாராவது பேசினால், நான் எதிரே நின்று ஜாடை காட்டுவேன். ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததில் பெருமையாக இருந்தது. அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

லாரிக்கு உருவம் வந்ததும் பெண் வந்தது. பூந்தமல்லிப் பக்கத்துப் பெண், எங்கள் மாதா கோயிலுக்கே வரும் குடும்பம். பெண்ணின் அண்ணன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரி. தங்கையையும் கூட்டிக்கொண்டு பட்டறையைப் பார்க்க வந்தார். லாரியின் அடியில் குனிந்தபடியே, “எப்ப ரோட்டுக்கு வரும்?” என்று கேட்டார். சித்தப்பாவுக்கு அவர் வாய் தெரியவில்லை. “அடுத்த மாசம்!” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

“மாப்பிள்ளைக்கு முன்னாடி பொடியன் பேசறான்பா” என்று அண்ணன் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நிச்சயம் முடிந்தது.

அந்த வாரமே என் அத்தை வந்தார். சாப்பாட்டுத் தட்டை எனக்கு முன்னால் வைத்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னார். “இன்னும் கொஞ்ச நாள்தான்டா ராசா. சித்தி வந்துட்டா உன்ன போர்டிங்ல போட்ருவாங்க. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவுல நீ எதுக்கு?”

பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் பீடத்திலிருந்து சொல்வார். முதல் ஓலை வாசித்தபோது சித்தப்பா என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பெயர் எப்போது வருகிறது என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். தலையாட்டினேன். அவர் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார். ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்ற சொல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் ஓலை அன்று, பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் காதைப் பிடித்துத் திருகினார்.

“செவுடு ஒரு தடையாடா? அப்படிப் பாத்தா கட்டிகினு கொஞ்ச நாள்ல எல்லாப் புருசனும் செவுடுதான். போ, போய் விளையாடு.”

அதோடு நின்றிருக்கலாம். கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை முடிந்துவிட்டது. பாவம் வரும் என்று பயந்து சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கே நான் சொல்லிவந்திருக்கிறேன். அது உண்மை இல்லை. உபதேசியார் விரட்டிய பிறகு, கோயில் வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த பெண்ணின் அண்ணனிடம் நானாகத்தான் நடந்து போனேன். “எங்க சித்தப்பாவுக்குக் காது கேக்காது” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தார். முதுகைச் சுட்ட வெயிலில், சித்தப்பாவின் பின்னால் நின்று கையைத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கெட்ட வார்த்தை சொல்லியும் கூப்பிட்டார். சித்தப்பா பானெட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் எதிரில்தான் நின்றேன். ஜாடை காட்டவில்லை.

அண்ணன் முன்னால் வந்து நின்றார். “லாரி ஓட்டப் போறியாமே? பின்னாடி ஹாரன் அடிச்சா உனக்கு எப்படிப்பா தெரியும்? எந்தங்கச்சி தாலிக்கு யாரு பொறுப்பு?”

வாயாடி என்று பெயரெடுத்த சித்தப்பா, பானெட்டின்மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. “அன்னிக்கி அவங்க வந்தப்ப நான்தான் எங்கியோ மாத்தி உளறிட்டேன் போலக் கீது” என்று அத்தையிடம் சொன்னார். கடைசிவரை அப்படியே நம்பினார். லாரி பளபளவென்று நீல வண்ணத்தில் சாலைக்கு வந்தது. ஓட்ட வேறு ஆள் போட்டார். நான் படித்தேன், வடக்கே வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். அவர் அந்தத் தகரக் கூரையின் கீழ் தனியாகவே இருந்து செத்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். என் வாயையே பார்த்தபடி எதிரில் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் அந்தச் சொற்களுக்கு உதட்டை அசைக்க என்னால் முடிந்ததில்லை.

ஆனால் என்னை அதிகம் வதைப்பது இது இல்லை. கல்யாணம் நின்று சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தனியாகப் பட்டறைக்கு வந்தார். சித்தப்பா கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு எதிரே போய், தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, சித்தப்பா நிமிரும்வரை காத்திருந்தார். பிறகு பேசினார். உதடுகள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. குரல் வரவே இல்லை. நான் கேட்டுவிடக் கூடாது என்று ரகசியம் பேசுகிறார் என நினைத்து எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பாவுக்குக் காது கேட்காது என்று அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும் என்பதும், தெரிந்துதான் சம்மதித்தார் என்பதும், குரலில்லாமல் பேசப் பழகிப் பார்த்துக்கொண்டுகூட வந்திருக்கலாம் என்பதும் எனக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

சித்தப்பா வெகுநேரம் அவர் உதட்டையே பார்த்தார். பிறகு சொன்னார்.

“உங்கண்ணன் பேச்ச மீறிகினு நீ வர வேணாம்மா. நாளைக்கு உங்க ஊட்ல உன்ன ஒரு சொல்லு சொல்லக் கூடாது. எனக்கு இன்னா, இந்தப் பையன் கீறான். இவன வச்சிகினு இருந்துக்கறேன்.”

எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் கேட்டது. போர்டிங் இல்லை. அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பூந்தமல்லிப் பக்கமாக நடந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் சாலைவரை பின்னாலேயே ஓடி, அவர் திரும்பிப் பார்த்தபோது இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி வழியனுப்பினேன்.