அடுத்த திருப்பத்தில் நிற்பாள் சந்திரவல்லி

சந்திரவல்லியைப் பற்றிச் சொல்லு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதினாறு வருசமாக அவளும் நானும் ஒரே ஜீப்பில் போடியிலிருந்து மலையேறி ஏலக்காய் எடுக்கிறோம். அழுத்தக்காரி. பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். எனக்கோ வாய் சும்மா இருக்காது, அவளுக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன்.

புருசன் செத்த பிறகு மகன் கார்முகிலை ஒற்றை ஆளாக வளர்த்தாள். அவன் கேட்டரிங் படித்தான். மூன்று வருசத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஓட்டல் வேலை என்று ஒரு ஏஜெண்டு கூட்டிக்கொண்டு போனான். முதல் வருசம் ஞாயிறு தவறாமல் பேசினான், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. கடைசியாகப் பேசியபோது, பெர்மிட் முடிந்துவிட்டது, பாஸ்போர்ட்டு ஏஜெண்டு கையில் இருக்கிறது, வெளியே தலை காட்டினால் பிடித்துவிடுவார்கள், இனிமேல் கூப்பிடாதே என்று வைத்துவிட்டான். அதோடு எட்டு மாசம். அவளிடம் மிஞ்சியது ஒரு போட்டோ. ஓட்டல் வாசலில் நிற்கிறான், தலைக்கு மேலே கடைப் பலகை.

இந்த நிலைமையில்தான் எங்கள் மகளிர் குழுவில், கோலாலம்பூர் போய்ப் பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு வந்தது. நாலு நாள் பயணம், திருச்சியிலிருந்து விமானம். சந்திரவல்லி முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். வயசாக ஆக பக்தி முற்றுது பாரு என்று நான் கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி விமானம் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. கைடு ராஜாராம் அந்த ஊரிலேயே பிறந்த தமிழர், நாற்பது வயசு இருக்கும். பஸ்சில் ஏறியதும் முதல் பேச்சே எச்சரிக்கைதான். போன மாசம் வந்த கூட்டத்தில் இரண்டு பேர் வேலை தேடி நழுவிவிட்டார்களாம். அதிலிருந்து, ஆள் ஒன்று குறைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் கம்பெனியில் உத்தரவு. இருபத்திரண்டு பேர் வந்தீர்கள், இருபத்திரண்டு பேரும் திரும்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றார்.

பத்துமலையில் அத்தனை படியையும் மூச்சு வாங்காமல் ஏறி, எல்லாருக்கும் முன்னால் இறங்கி நின்றாள் சந்திரவல்லி. இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நாங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். அவள் மட்டும் தெருவைப் பார்த்தாள்.

மதியச் சாப்பாடு பிரிக்பீல்ட்ஸில். நம் ஆட்கள் நிறைந்த பகுதி. பஸ் தெருமுனையில் திரும்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள். போட்டோவில் இருந்த அதே பலகை. நாங்கள் சாப்பிடும் இடத்திலிருந்து ஒரே ஒரு திருப்பம்தான் தள்ளி.

"நான் போய்ப் பார்த்துட்டு அந்தத் திருப்பத்துலயே நிக்கிறேன். நீ ஆள் சரின்னு சொல்லிரு" என்றாள்.

இதைச் சொன்னால் வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எங்கள் மலையில் இது தினப்படி நடப்பது. சாயங்காலம் யாராவது எடை போட்டு வர நேரமானால், ஜீப்பில் இருப்பவள் 'ஆள் சரி' என்று சொல்லி ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஜீப்பு ரோட்டைச் சுற்றி வருவதற்குள், பிந்தியவள் குறுக்குப் பாதையில் இறங்கி அடுத்த வளைவில் நிற்பாள். எங்கள் டிரைவர் சின்ராசு பேசாமல் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். பதினாறு வருசத்தில் ஒருத்தியும் விடுபட்டதில்லை.

சாப்பிட்டு எல்லாரும் பஸ்சில் ஏறியதும், ஆள் சரியா என்று ராஜாராம் படியில் நின்று கேட்டார். நான்தான் முன் சீட்டு. ஆள் சரி என்றேன். பஸ் கிளம்பி, வந்த வழியே திரும்பாமல் எதிர்ப்பக்கம் ஒடித்து மேம்பாலத்தில் ஏறிவிட்டது. ஒருவழிப் பாதையாம். எனக்கு என்ன தெரியும்?

அவள் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. பாஷை தெரியாது. வாயைத் திறந்தால் போலீசு வரும், போலீசு வந்தால் கார்முகில் மாட்டுவான். திறக்காவிட்டால் இவள் நடுத்தெருவில் நிற்பாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக உட்கார்ந்திருந்தேன். அடுத்து நிறுத்திய அரண்மனை வாசலில் எல்லாரும் குதிரைவீரனோடு படம் எடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அந்தக் குதிரையை உதைக்கலாம் போல இருந்தது.

முக்கால் மணி நேரம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. ராஜாராமைத் தனியாகக் கூப்பிட்டு, மகன் கதை உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம்தான் வெளுத்தது. எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா என்று மட்டும் சொன்னார். கூட்டத்தை டிரைவர் பொறுப்பில் விட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்சி பிடித்தார். வழியெல்லாம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். போலீசுக்குச் சொல்ல இன்னும் பத்து நிமிசம்தான் பாக்கி.

சொன்ன திருப்பத்தில் சந்திரவல்லி நின்றாள், பக்கத்தில் கார்முகில். அந்த ஓட்டல் அடுக்களையிலேயே ஒளிந்து கிடந்து பாதியாக இளைத்திருந்தான். அவன் துணிமணியெல்லாம் திணித்த பை ஒன்று அவள் தோளில் தொங்கியது.

ராஜாராமைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "தம்பி, என் எடத்துல இவன ஏத்திட்டுப் போங்க. நான் இங்கன நின்னுக்கிறேன். வந்ததும் இருவத்திரெண்டு, போறதும் இருவத்திரெண்டு."

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தங்கச்சி வருவாள், கங்காணி தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். அந்த நியாயத்தைக் கோலாலம்பூர் வரை சுமந்து வந்திருக்கிறாள் இந்தப் பாவி. அவளுடைய பக்தி இதுதான்.

"ஏர்போர்ட்ல தலைய எண்ணமாட்டாங்கக்கா. மூஞ்சியப் பார்ப்பாங்க" என்றார் ராஜாராம். மெதுவாகத்தான் சொன்னார்.

அப்போதும் அவள் பையை இறக்கவில்லை. கார்முகில்தான் அதை வாங்கினான். "நீ இங்கன நின்னா உனக்கும் பெர்மிட் கெடையாது. ரெண்டு பேரும் ஒளிஞ்சு கெடக்கணுமாம்மா?" என்று கேட்டான்.

ராஜாராம் அவனிடம் பேசினார். இந்தியத் தூதரகத்தில் தானாகப் போய் நின்றால் அவசரப் பயணத்தாள் கிடைக்கும், அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போகலாம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானே வாசலில் நிற்கிறேன், வந்துவிடு என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வர்றேன் என்றான். எட்டு மாசம் பயந்து கிடந்தவன் சொன்ன வார்த்தை. எனக்கு நம்பிக்கை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து டாக்சியில் தள்ளினேன்.

திங்கட்கிழமை ஜீப்புக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் செத்துப்போவேன் என்றாள். அங்கே ஒன்பது மணி என்றால் நமக்கு ஆறரை. அந்த நேரத்தில் ஜீப்பு முந்தல் செக்போஸ்டைத் தாண்டி வளைவில் ஏறிக்கொண்டிருந்தது, சிக்னல் செத்துப்போச்சு. ராஜாராமிடம் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம், என் போனை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியதும் போன் கத்தியது. அவளுக்குப் படிக்கத் தைரியம் இல்லை, என்னிடம் நீட்டினாள். ராஜாராம் அனுப்பியது மூன்று. முதலாவதில், இன்னும் காணோம் என்று இருந்தது. அடுத்தது, கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதை வாய்விட்டுப் படிக்காமல் அடுத்ததைத் தொட்டேன். மூன்றாவதாக ஒரு போட்டோ மெல்ல மெல்லத் திறந்தது. தூதரக மதில் ஓரமாக நீள வரிசை. அதில் அதே பையோடு கார்முகில்.

"எத்தனாவது ஆளா நிக்கிறான்?" என்று கேட்டாள். கண்ணில் நீர் கட்டி அவளுக்குப் படம் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்துப் பதினொண்ணாவது ஆள் என்றேன். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்ராசு ஆரன் அடிக்காமல் காத்திருந்தார்.

"வரிசை நகருதா, கற்பகம்?"

போட்டோவில் வரிசை எப்படி நகரும்?

நகருதுக்கா என்றேன்.