சம்பத்து ஐயங்கார் ஏற்றுக்கொண்ட வாக்கியம்

மேல்கோட்டையிலிருந்து வந்த கார்டை அலுவலக வாசலிலேயே நின்று படித்தேன். "அண்ணா ஆசாரியன் திருவடி அடைந்தார்" என்று, சம்பத்து ஐயங்கார் காலமானதை அவர் தம்பி எழுதியிருந்தார். மைசூர் கல்வி அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஐயங்காருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவன் நான். அன்று எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய சிவப்பு மையும், கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடியும் கோபமும் நினைவிருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

குண்டலுபேட்டைப் பள்ளி ஆசிரியை ஒருவர், மைசூர் ஆஸ்பத்திரியில் கிடந்த தாயாரைப் பார்க்க விடுப்பு எடுத்து வந்துபோய்க் கொண்டிருந்தார். மைசூருக்கே மாற்றல் கேட்டு மனுப் போட்டார். அதற்குக் குறிப்பு எழுதியவன் நான். 'ஷி ஈஸ் ஆல்வேஸ் கோயிங் டு மைசூர்' என்று எழுதினேன். பாவம், அடிக்கடி அலைகிறார் என்று சொல்வதாகத்தான் நினைப்பு. ஐயங்காரும் அன்றைய அவசரத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அதிகாரியோ ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கும்படி ஓரத்தில் எழுதிவிட்டார்.

கோப்பு திரும்பியதும் ஐயங்கார் அதை இரண்டு முறை படித்தார்.

"ஓய் ராமசாமி, 'எப்பப் பாத்தாலும் மைசூருக்குப் போயிண்டே இருக்கா'ன்னு ஒருத்தர் சொன்னா, அது சேதியா, வசவா?"

"வசவுதான்."

"இங்கிலீஷ்லயும் அதேதான். 'ஆல்வேஸ்' போட்டு 'கோயிங்'னு எழுதினா, எழுதினவனுக்கு எரிச்சல்னு அர்த்தம். எத்தனை தடவை வந்தா?"

"மூணு தடவைங்க. மூணுக்கும் லீவு உண்டு."

"அதையே எழுதியிருக்கப்படாதா?"

ஐயங்கார் கோப்போடு அதிகாரியின் அறைக்குள் போனார். நான் கதவருகே நின்றேன். இதை எழுதியது யார் என்று அதிகாரி அதட்டினார்.

"நந்தே தப்பு, ஸ்வாமி" என்றார் ஐயங்கார். தன் தப்புதான் என்று கன்னடத்தில் அவர் சொன்னபோது எனக்கு நாக்கு எழவில்லை.

உத்தரவு ரத்தானது. ஆசிரியைக்கு மாற்றலும் கிடைத்தது. தாயாரின் கடைசி மாதங்களில் கூடவே இருந்தார். ஐயங்காருக்கு அந்த ஆண்டு வரவேண்டிய தலைமை குமாஸ்தா பதவி மட்டும் வேறொருவருக்குப் போயிற்று. அஜாக்கிரதை என்று காரணம் சொன்னார்கள். நீங்களும் அதை நம்பினீர்கள்.

வெகுநாள் கழித்து நான் பேச்செடுத்தேன். "அந்தப் பொண்ணு அம்மாகூட இருந்தாளோல்லியோ? விடும்" என்று பேனாவை மையில் தொட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

எதையும் எண்ணிப் பார்க்காமல் எழுதுவதில்லை என்ற பழக்கம் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. கூடவே, நான் வாய் திறக்காத அந்த நிமிஷமும். அந்த வாக்கியத்தை எழுதியவன் நான், நண்பர்களே. அவர் அல்ல.