வாசலுக்கு ஒரு லோடு

மணல், ஜல்லி விற்கும் கிடங்கில் ஆர்டர் எடுப்பவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது லாரி டிரைவர்கள்தான். ஒரு லோடு வேண்டும் என்று யாராவது போன் போட்டால் சரி என்று சொல்லி வைத்துவிட மாட்டார். எதுக்கு, எங்கே கொட்டணும், வண்டி திரும்புமா, அடியில் என்ன இருக்கு என்று ஆளையே சலித்துவிட்டுத்தான் விடுவார். முதலாளிக்கு அவர் மேல் ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் வீட்டில்தான். ஊரார் வாசலுக்கெல்லாம் கல் அனுப்புகிறவரின் சொந்த வாசல் மழை பெய்தால் சேறு. போன மழையில் மனைவி அதில் வழுக்கி விழுந்து, கையில் கட்டுப் போட்டு, கட்டும் பிரித்தாயிற்று. அடுத்த மழைக்காலமும் வந்துகொண்டிருந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே "பார்க்கலாம்" என்பார். கடைசியில் ஒரு நாள் அவள் சத்தம் போடாமல் சொன்னாள்: "வாசலுக்குக் கல்லு வரலன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். காய்ஞ்சதும் வரேன்."

அதற்கும் "பார்க்கலாம்" என்றார். பழக்க தோஷம்.

மறுநாள் கிடங்கில் போன் அடித்தது.

"ஜல்லிக் கிடங்குங்களா? ஒரு லோடு வேணும்."

முதல் வார்த்தையிலேயே குரல் தெரிந்துவிட்டது. இரண்டு வார்த்தை கேட்டுவிட வாயெடுத்தார். எதிரே முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். போனில் யாரிடமும் குரல் உயரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"சொல்லுங்கம்மா" என்றார் சல்லடை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அவள் ரசித்திருப்பாள்.

"எதுக்கும்மா?"

"வீட்டு வாசல்ல போட."

"அடியில என்ன இருக்கு?"

"சேறுதான்."

"சேத்து மேல பொடிக்கல்லு போட்டா ரெண்டு மழையில முழுங்கிடும். மேல் சேத்தை வழிச்சுட்டு முதல்ல பெரிய ஜல்லி, அதுமேலதான் பொடி."

"எங்க வீட்டுக்காரருக்கும் இதெல்லாம் தெரியும். வெளியாளுங்க கேட்டாத்தான் சொல்லுவாரு."

கிடங்கு வாசலில் நின்ற லாரி டிரைவர் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சல்லடை அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வாய்ப் பழக்கத்தில் தானாக வந்தது.

"வழுக்கி யாராவது விழுந்தாங்களா?"

"நான்தான்."

"எப்படிம்மா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இதை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது கையில் கட்டு இருந்தது. பார்த்து நடக்கக் கூடாதா என்றார், சாப்பிட்டார், படுத்தார்.

"துவைச்ச துணி வாளியோட வந்தேன். கால் வாரிடுச்சு. கூப்பிட்டுப் பார்த்தேன், தெருவுல யாரும் இல்ல. எந்திரிக்க முடியல. வாளியைப் பிடிச்சுக்கிட்டு சேத்துலயே உக்காந்திருந்தேன், ரொம்ப நேரம்."

அழவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

சல்லடை ஆர்டர் நோட்டைப் பக்கத்தில் இழுத்தார். "எங்க கொட்டணும்?"

"வீட்டுக்காரர் பைக் நிறுத்துற இடத்துல. அப்பதான் அவர் கண்ணுல படும்."

"பரப்பறதுக்கு ஆள் வேணுமா?"

"கிடைப்பாங்களா?"

"ஒருத்தன் இருக்கான். அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டார்.

"யாருய்யா பார்ட்டி?"

"பழைய பார்ட்டிங்க. ரொம்ப நாளா காக்க வெச்சுட்டேன்."

பெரிய ஜல்லியும் பொடியும் இரண்டு நடையாகப் போயின. முதல் நடையில் இவரே ஏறிக்கொண்டார். பைக் நிறுத்தும் இடத்தில் கொட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளமாகப் பழைய சாக்கு ஒன்று விரித்திருந்தது.

"அண்ணே, அட்ரஸ் சரிதானா? கதவைத் தொறக்கிறது அண்ணி மாதிரி தெரியுது" என்றான் டிரைவர்.

"ரோட்டைப் பார்த்து வண்டிய ஓட்டுடா."

அவள் வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "பரப்ப ஆள் வரும்னு சொன்னாங்களே?"

"வந்திருக்கேன்ல" என்று பேன்ட்டைச் சுருட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

சேற்றை வழித்து, பெரிய ஜல்லி போட்டு, மேலே பொடியைப் பரப்பி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் அதே வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கேட் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். கல் நறநறத்தது, நகரவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா வீட்டுக்குப் போறியா?" என்றார்.

"மழை வரட்டும். பார்க்கலாம்" என்றாள் அவள். வாளியை அவர் காலடியில் வைத்தாள், கழுவிக்கொள்ள.