டேங்கில் ஊதிய மூச்சு

நேற்று ஓசியில் ஏறிப் போன லாரியின் டீசல் நாற்றத்தில், இப்போது குடோன்களாகிவிட்ட தண்டையார்பேட்டை லாரி மைதானம், டீசல் குடித்துக் கருத்த அதன் மண்ணோடும் ஓயாத ஹாரன் சத்தத்தோடும் திரும்பி வந்தது. அங்கே நின்ற ஒரு பழைய லாரிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா ஓட்டினார், வண்டி வேறொருவருடையது.

துறைமுக வரிசையில் அது அடிக்கடி நின்றுவிடும். டீசல் பைப்பில் காற்று புகுந்தால் அப்படித்தான். "டீசல வித்துட்டு டேங்க காயப்போடுற, அதான் காத்து புடிக்குது" என்றார் ஓனர். தான் திருடனில்லை என்று காட்ட, காற்று நுழையும் ஓட்டையை அப்பா கண்டுபிடித்தாக வேண்டும்.

இன்ஜின் உறிஞ்சும்போது ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிர, டீசல் வெளியே கசியாது. அதனால் டீசலை ஓட்டை வழியே வெளியே தள்ள, அம்மா டேங்க் வாயில் டியூபைச் செருகி, சுற்றிலும் துணியடைத்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தாள். அப்பா வண்டிக்கடியில் படுத்து, பைப்பைத் துடைப்பதும் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"இன்னா மாமு, பொண்டாட்டிய வுட்டு பலூன் ஊதிகினு கீற?" என்றார் பக்கத்து வண்டி டிரைவர்.

"நீ வந்து ஊதுண்ணே, அப்பத் தெரியும்" என்றாள் அம்மா.

"நிறுத்தாத, ஊது! தோ கசியுது!" என்று கத்தினார் அப்பா.

கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. புதியதை மாட்டிவிட்டு, பழையதை ஓனரிடம் கொண்டுபோய்க் காட்டினார் அப்பா. ஓனர் அதைத் தொடக்கூட இல்லை. சாவியை வாங்கி வேறொரு டிரைவரிடம் கொடுத்தார்.

அதன்பிறகு வண்டி எங்குமே நிற்கவில்லை.

"பாத்தியா, ஆள மாத்துனதும் வண்டி ஷோக்கா ஓடுது" என்று மைதானமே பேசியது.