நான் அப்பிய காபித்தூள்

போன புதன்கிழமை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டு. எங்கள் தெரு தண்டபாணியின் கட்டிலருகே நின்று ஒரு டாக்டர் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி இவருக்கு இடுப்பு மூட்டு ஒடைஞ்சு, எலும்பு சதையைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கு. அதுமேல யாரோ ஒரு புத்திசாலி கை நிறைய காபித்தூளை அப்பியிருக்கார்."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் புத்திசாலி நான்தான் என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரியும் — தண்டபாணிக்கும் அவர் மனைவி செல்விக்கும். இருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். இந்த வாரம் என் முறை.

விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. தண்டபாணி மில்லில் தறி ஓட்டுபவர். காலை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவரை மூலக்குளம் திருப்பத்தில் ஒரு மணல் லாரி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடினேன். இடுப்புப் பக்கம் வேட்டி முழுக்க ரத்தம். விலக்கிப் பார்த்தால்... வெள்ளையாக ஒரு முனை.

ரத்தம் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? அதையேதான் நானும் செய்தேன். அடுப்படிக்கு ஓடி, டப்பாவோடு காபித்தூளைக் கொண்டுவந்து அப்பினேன். ரத்தம் நின்ற மாதிரி இருந்தது. "சார் சமயத்துல கை கொடுத்தாரு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது — எழுதவே கூசுகிறது.

கோரிமேடு பக்கம்தான். நேராகப் போயிருக்கலாம். "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க" என்று யாரோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். ஒரு டெம்போவைப் பிடித்து, அவர் அலற அலற, வில்லியனூர் தாண்டி எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனோம். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை... இவற்றை வைத்தே எத்தனையோ கைகால்களை நேராக்கியவர்.

அவர் துணியை விலக்கினார். உடனே மூடிவிட்டார்.

"உள்ள ஒடைஞ்சிருந்தா கட்டுவேன் சார். இது வெளிய தெரியுது. இதுமேல கட்டுனா உள்ளயே அழுகிடும். நான் தொட மாட்டேன். கோரிமேட்டுக்கு ஓடுங்க."

பள்ளிக்கூடமே போகாத அவருக்குத் தெரிந்திருக்கிறது. பி.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காயத்தைக் கழுவினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கழுவினார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். ஊசி, ஊசி, ஊசி. ஆனாலும் சீழ் பிடித்தது. மாதக்கணக்கில் வடிந்த சீழ், வற்றுவதற்குள் மூட்டையே தின்றுவிட்டது.

மாணவர்கள் போன பிறகு டாக்டர் எங்களிடம் பேசினார்.

"இந்த மாதிரி காயத்துல எலும்பைச் சேக்கறது ரெண்டாவது வேலை. மொத வேலை கழுவறதுதான். சுத்தமான துணியால மூடி, காலை அசைக்காம உடனே வந்திருந்தா..." என்றவர், முடிக்காமல் தண்டபாணியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு. கெட்டுப்போன எலும்பை எடுத்துடலாம். இடுப்பு மடங்கும், தரையில உக்காரலாம். ஆனா கால் குட்டையாயிடும், கோல் இல்லாம நிக்கறது கஷ்டம். இல்லன்னா மூட்டை அசையாம ஒட்ட வச்சிடலாம். உறுதியா நிக்கலாம். ஆனா மடங்காது. ஸ்டூல் நுனியில சாஞ்சுக்கலாம், அவ்வளவுதான். எது வேணும்?"

ஒரு மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது?

"நிக்கணும் டாக்டர்" என்றார் தண்டபாணி.

செல்வி அழ ஆரம்பித்தாள். "கக்கூசுக்கு எப்படிப் போவீங்க? பஸ்ல எப்படி ஏறுவீங்க? கொஞ்சம் யோசிங்க."

தறி நின்றுகொண்டு ஓட்டுகிற வேலை; அதற்காகத்தான் அவர் நிற்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தறியில் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்று மில்லில் விசாரித்து வந்திருந்தேன். காபித்தூள் விஷயத்தில்தான் வாய் வரவில்லை, இதையாவது சொல்லவேண்டாமா? சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "மில்லுலேர்ந்து பாக்க வந்தவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது. உக்காந்து செய்யற வேலை எனக்கு ஒண்ணும் தெரியாது. நின்னா, எங்கனா ஒரு கேட்டுல வாட்ச்மேனாவாவது நிப்பேன்."

அன்று நானும் டாக்டரும் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேற்று ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்ததாம். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்து, "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார். என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்குத் தெரியவில்லை.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வருவார். மூன்று பிள்ளைகளும் செல்வியும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்... அவர் நின்றுகொண்டு சாப்பிடுவார்.