தள்ளிப்போடும் மாத்திரையும் தீச்சட்டியும்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வேனில் எதையும் ஒளித்துத் தின்ன முடியாது. முன்சீட்டில் பிரித்த முறுக்கு பின்சீட்டுக்குப் போய் வெறும் பொட்டலமாகத்தான் திரும்பி வரும். தலைவலித் தைலமும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில்தான் மாத்திரையையும் கொடுத்துத் தொலைத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மாதவிலக்கு ரெண்டு மாதம் வராது, வந்தால் பதினெட்டு நாள் நிற்காது. பெட்டி போடும் அறையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே கூசும். “சூடு, மோர் குடி” என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மோரிலேயே ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தாள். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் எனக்கு ‘அவள்’தான்.

டாக்டரம்மா எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. கர்ப்பமா என்று பார்த்தார். ரத்தம், பிரஷர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார். காலில் ரத்தம் கட்டியதுண்டா, மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்று துருவினார். அப்புறம்தான் ஹார்மோன் மாத்திரை. என்றைக்கு ஆரம்பிப்பது, என்றைக்கு நிறுத்துவது என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தார். நிறுத்திய சில நாளில் விலக்கு வரும், பயப்படாதே என்றார். மூன்றாம் மாதம் உடம்பு ஒழுங்குக்கு வந்தது. அடடா, மறுபடி மனுஷியானேன்!

அந்தப் பெருமையில் வேனில் வாயை விட்டேன். எதிர்வீட்டு மதினி காதில் அது விழுந்தது. மகள் மூளைக்காய்ச்சலில் பிழைத்ததற்காக, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். நாளைப் பார்த்தால் சரியாகப் பொங்கலன்று விலக்கு.

“ஏத்தா, ஒன் மாத்திரையில கொஞ்சம் குடு. போட்டா தள்ளிப் போயிரும்ல?”

கோயில் பொங்கல் வந்தால் எங்கள் பக்கம் பெண்கள் யாரையும் கேட்காமல் இப்படி விழுங்குவதுண்டு. நானும் பெரிய மகராசியாட்டம் அடுத்த மாதத்து அட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துப் பிரஷர் பார்க்கப் போனபோது சிஸ்டர் அட்டையைக் காட்டச் சொன்னாள்.

“மீதி எங்கக்கா?”

மதினிக்குக் கொடுத்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறிப்போனது.

“ரெண்டாம் பிரசவத்தப்ப அவுகளுக்குக் கால்ல ரத்தம் கட்டி மதுரையில கெடந்தாகளே, மறந்துட்டீகளா? இந்த மாத்திரை அவுகளுக்கு ஆகாது. கட்டி நெஞ்சுக்கு ஏறுனா ஆளே போயிரும்.”

மதினி மதுரையில் கிடந்த அந்த ஒரு மாதமும் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ரெண்டு பேரும் மதினி வீட்டுக்கு ஓடினோம். மதினி வாசலிலேயே நின்று, “அதை அப்பவே தூரப் போட்டுட்டேன்” என்றாள். நான் நம்பினேன். சிஸ்டர் நம்பவில்லை.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. எங்களோடு சிஸ்டரும் ஏறினாள். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, “பொங்கலுக்கு மாத்திரை வச்சிருக்கவுக எடுங்க. புடுங்க மாட்டேன்” என்றாள். எல்லோரும் சோற்றுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். குற்றவாளி நான்தானே, என் அட்டையை முதலில் தூக்கிக் காட்டினேன். அப்புறம் சோற்றுப் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக ஆறு அட்டை வெளியே வந்தது! ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக விசாரித்தாள். யாரையும் திட்டவில்லை.

“ஒரு ரூமுக்கு வெடிமருந்து எம்புட்டுன்னு கணக்கிருக்கோ அம்புட்டுத்தான வைக்கிறீக? ஒடம்புக்கும் அப்படித்தான். டாக்டரக் கேட்டுப் போடுங்க” என்றாள்.

அதற்குமேல் பிரசங்கம் இல்லை. படித்தவள் என்ற கொம்பு துளிகூடக் கிடையாது. அப்படி ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மதினி மட்டும் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். சிஸ்டர் அவள் காலடியில், வேன் தரையிலேயே உட்கார்ந்தாள். சேலையை விலக்கினால், இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது.

“எம்புட்டுப் போட்டீக?”

“ஆறு.” மதினி உடைந்து அழுதாள். “எம்புள்ள உசுரக் குடுத்தவளுக்கு வாக்கு மாறலாமா சிஸ்டர்?”

“அந்தப் புள்ளைக்குத் தாய் வேணாமாக்கா?”

சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி, சிஸ்டர் மதினியைக் கைத்தாங்கலாக இறக்கினாள். ஸ்கேனில் ரத்தக் கட்டி தெரிந்தது. நல்லவேளை, நெஞ்சுக்கு ஏறவில்லை.

பொங்கலன்று மதினிக்கு விலக்கு வந்துவிட்டது. வீட்டுக் கட்டிலில் கிடந்தவள், தெருவில் குலவைச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அடுத்த பங்குனியில் நாள் தானாகவே விலகி விழுந்தது. மஞ்சள் சேலை கட்டி, கையில் தீச்சட்டி ஏந்தி மதினி வந்தாள். சட்டி எடுப்பவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றத் தெருவெங்கும் குடத்தோடு நின்றார்கள். சர்ச்சுக்குப் போகிற சிஸ்டரும் ஒரு குடத்தோடு நின்றாள். மதினி எதிரே வந்ததும் குடத்தைச் சாய்க்கவில்லை. குனிந்து, ஊரே பார்க்க, அந்த இடது கெண்டைக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

மதினிக்குச் சட்டியோடு சிரிப்பு வந்துவிட்டது. “வீக்கமெல்லாம் இல்ல சிஸ்டர். ஊத்துங்க, காலு சுடுது!”